இணையத்தில் படித்த சாலைப் பாடம் நம் சடக்கில் சறுக்கும் இடங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் சாலை வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் பலருக்கு இப்போது கைப்பேசிதான் வகுப்பறை. நகராண்மைக் கழகத்திலோ, அதன் குத்தகையாளரிடமோ, தோட்ட அலுவலகத்திலோ மேற்பார்வை வேலைக்கு வந்துவிட்டால் குழி அடைப்பதிலிருந்து போக்குவரத்துக் கூம்பு வைப்பது வரை தெரிந்திருக்க வேண்டும். நல்ல பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம் சின்ன ஊர்களின் சாலைத் துறைகளுக்கென்றே 1982-இல் ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கியது. அதன் மையங்கள் போட்ட கையேடுகளும் காணொளிகளும் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. பாடத்தில் கோளாறு இல்லை. அதை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்குவதில்தான் கோளாறு.

முதலில், அது எந்த நாட்டு விதிக்கு எழுதியது என்று பார்க்க மறப்பது. அமெரிக்க எச்சரிக்கைப் பலகையும் நம்முடையதும் கிட்டத்தட்ட ஒரே அச்சு: மஞ்சள் சாய்சதுரம், வேலை நடக்கும் இடத்தில் ஆரஞ்சு. இந்த ஒற்றுமைதான் ஆளைக் கவிழ்க்கிறது. அங்கே வண்டி வலப்பக்கம் ஓடுகிறது. கூம்பு வரிசை, கொடி பிடிப்பவர் நிற்கும் இடம் எல்லாவற்றையும் இடம் வலமாகத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

அளவுகள் அதைவிட வம்பு. ஒரு தடத்தை மூடும்போது கூம்புகளைச் சாய்வாக வைத்து வண்டிகளை ஒதுக்குகிறோமே, அந்தச் சாய்வின் நீளத்துக்கு அவர்களிடம் ஒரு சூத்திரம் உண்டு. வேகம் குறைந்த சாலை என்றால், அகலத்தை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 60-ஆல் வகுக்க வேண்டும். அகலம் அடியில், வேகம் மைலில். அதைக் கவனிக்காமல் 3.5 மீட்டரையும் 50 கிலோமீட்டரையும் அப்படியே போட்டால் 146 வரும். மீட்டர் கணக்குக்கு 155-ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 56 மீட்டர்தான். லோரியில் இருக்கிற பத்துப் பதினைந்து கூம்பை 146 மீட்டருக்குப் பரப்பினால் இடைவெளி அகன்றுவிடும், மோட்டார் சைக்கிள்காரர் நடுவிலேயே புகுந்து போவார். எப்படியும் கடைசி வார்த்தை நம் பொதுப்பணித் துறையான ஜேகேஆருடையது. அவர்களுடைய ‘அராஹான் தெக்னிக் ஜாலான்’ என்ற சாலைத் தொழில்நுட்பக் கையேட்டு வரிசையில் 2சி என்பது தற்காலிகப் பலகைகளுக்கும் வேலைத்தளத்துக்கும் உரியது. அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பாடம் பாருங்கள்.

அடுத்தது தட்பவெப்பம். நீர் உறைந்து உருகித் தார் வெடிப்பதைப் பற்றி அந்தப் பாடங்கள் நிறையவே பேசும். நமக்கு அது வேண்டாம், சரி. ஆனால் அதோடு சேர்த்து நீர் வடிகால் பகுதியையும் தாண்டிவிடுகிறார்கள். நமக்கு உயிர்நாடியே அதுதான்! சரளைச் சாலையின் நடுப்பகுதி ஓரத்தைவிட நூற்றுக்கு 4 என்ற சரிவில் உயர்ந்திருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கையேடு சொல்கிறது. நடுவிலிருந்து ஓரம் 3 மீட்டர் என்றால் 12 சென்டிமீட்டர் உயரம். நம் செம்மண் சடக்கில் மண்ணைச் சீவிச் சமன்செய்யும் கிரேடர் ஓடிய பிறகு நூல் கட்டிப் பாருங்கள், பெரும்பாலும் தட்டையாகத்தான் இருக்கும். பார்வைக்கு அழகு. ஒதுங்கிய மண் ஓரத்தில் வரப்பாக நின்று தண்ணீரைக் கால்வாய்க்குப் போகவிடாது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி நாலு முறை போனால் சக்கரத்தடமே வாய்க்கால்தான். தார்ச்சாலையிலும் இதே கதை: குழியில் தண்ணீர் நிற்கும்போதே பிரிமிக்ஸை, அதாவது தார் கலந்த கல் கலவையை, கொட்டி லோரிச் சக்கரத்தால் மிதித்துவிட்டுப் போவார்கள். ஓரத்தைச் சதுரமாக வெட்டி, உலர்த்தி, தார் பூசி, அடுக்கடுக்காக இறுக்கினால்தான் நிற்கும் என்று எல்லாப் பாடமும் சொல்கிறது. இதை யார் கேட்கிறார்கள்?

சான்றிதழ் ஆசை இன்னொன்று. வெளிநாட்டு இணையச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், ஆனால் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபி தரும் பச்சை அட்டைக்கு, அதாவது கட்டுமானப் பணியாளர் பதிவு அட்டைக்கு, அது ஈடாகாது.

நிதிப் பாடத்தையும் அப்படியே நம்பாதீர்கள். இங்கே மாநிலச் சாலைகளுக்குக் கூட்டரசு மானியம் வருவது மாரிஸ் என்ற அரசாங்கச் சாலைப் பதிவேட்டில் ஏறிய சாலைகளுக்குத்தான். தோட்டத்துக்குள் ஓடும் தனியார் சடக்கு அதில் சேராது. அதனால் குழியைப் படம் எடுத்து மனு எழுதுவதற்கு முன்னால் அது யாருடைய சாலை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் பாடத்தைப் பார்த்து முடித்துவிடுவது. கிரேடர் ஓட்டுபவருக்கும் பிரிமிக்ஸ் கொட்டுபவருக்கும் அந்த ஆங்கிலம் எட்டாது. காணொளியை ஒலியில்லாமல் ஓடவிட்டு, தமிழிலோ மலாயிலோ நிறுத்தி நிறுத்திச் சொல்லலாம். காலை வேலை பிரிக்கும்போது பத்து நிமிடம் போதும்.