அலையாத்தி மீட்புக்கு அனுமதி வாங்குவது எப்படி

அலையாத்தி நடத் திட்டமிடும் ஊராட்சியோ தொண்டு நிறுவனமோ, நாற்றுக்குச் சொல்லிவைக்கும் முன் இடத்தின் சர்வே எண்ணைக் கையில் எடுக்க வேண்டும். யாரிடம் அனுமதி கேட்பது என்பதை அந்த எண்தான் முடிவு செய்யும். முத்துப்பேட்டை, பிச்சாவரம் போன்ற காப்புக்காடு என்றால் வனத்துறை வழியாகத்தான் வேலை நடக்கும். புறம்போக்கு என்றால் வருவாய்த்துறை. கைவிட்ட உப்பளம் பல இடங்களில் ஒன்றிய அரசின் நிலமாக இருக்கும். மாவட்ட அளவில் கிடைக்கும் ஒப்புதல் அங்கே போதாது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது வரைபடம். 2019 சி.ஆர்.இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டல) அறிவிக்கையை மட்டும் படித்துவிட்டு விண்ணப்பிப்பது பரவலான தவறு. அதன்படி தயாரித்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெறும்வரை 2011 அறிவிக்கையே செல்லும். வேறுபாடு சிறியதல்ல: ஓதம் (கடலின் ஏற்ற இறக்க நீர்) ஏறும் கழிமுகக் கரையில் 2011 விதிப்படி 100 மீட்டர், 2019 விதிப்படி 50 மீட்டர், அல்லது நீர்நிலையின் அகலம், இவற்றில் எது குறைவோ அதுவரை கட்டுப்பாடு உண்டு. ஏற்கெனவே 1000 சதுர மீட்டருக்கு மேல் அலையாத்தி இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டரும் காப்புப் பட்டையாகிவிடும். ஓதநீர் ஏறும் உச்ச எல்லையான உயர் ஓதக் கோட்டினை நீங்களே ஜி.பி.எஸ். வைத்துக் குறித்தால் ஏற்க மாட்டார்கள். ஒன்றிய அமைச்சகம் அங்கீகரித்த நிறுவனம் வரைந்த, 1:4000 அளவிலான படம் வேண்டும்.

உண்மையான சிக்கல் வாய்க்காலில் வரும். உப்பேறிக் கிடக்கும் நிலத்தில் விதையை ஊன்றினால் மட்டும் போதாது. மீன்முள் வடிவில் தாய் வாய்க்காலும் கிளை வாய்க்கால்களும் வெட்டி ஓதநீரை உள்ளே கொண்டுவர வேண்டும். ஆனால் விதியின் பார்வையில் அது மண் அகழ்வு. எனவே விண்ணப்பத்தில் "நில மேம்பாடு" என்று பொதுவாக எழுதாதீர்கள். மேல் அகலம், அடி அகலம், ஆழம், நீளம் எல்லாவற்றையும் எண்ணாகக் கொடுங்கள். மேலே 2 மீட்டர், அடியில் 1 மீட்டர், ஆழம் 1 மீட்டர் என்றால், 100 மீட்டர் நீளத்துக்கு 150 கன மீட்டர் மண் வரும். அந்த மண் எங்கே போகும் என்பதையும் படத்தில் காட்டுங்கள். கரையில் தொடர்ச்சியாகக் குவித்தால் அது அணையாகி ஓதநீரை மறிக்கும், கன்றுகள் காயும்; அணை போடுதல் என்ற தடைப்பிரிவிலும் மாட்டும். இடைவெளி விட்டுப் பரப்புவதாக எழுதுங்கள், அப்படியே செய்யுங்கள்.

நடும் இடத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். மணல்மேட்டைச் சமன்படுத்திச் சவுக்கு நடுவது பசுமையாகத் தெரியலாம். மணல்மேடே நமக்கு அரண், அதைக் குலைக்க அனுமதியும் கிடையாது. ஆமை முட்டையிடும் கரையும் அப்படித்தான். படகு வழியையும் கரைவலை இழுக்கும் இடத்தையும் மீனவர்களோடு நடந்துபோய்க் குறித்துவிட்டு, அதன்பிறகு கிராமசபைத் தீர்மானம் வாங்குங்கள். அவர்கள் வழியை அடைத்து நட்ட கன்று நிலைக்காது, நிலைக்கவும் கூடாது.

மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் 60 நாளில் பரிந்துரை தர வேண்டும். ஆனால் அந்த 60 நாள் முழுமையான விண்ணப்பம் சேர்ந்த நாளிலிருந்துதான் தொடங்கும். ஒரு தாள் குறைந்தாலும் கணக்கு ஆரம்பிக்காது. வாய்க்காலைக் கோடையில் வெட்டி முடித்தால்தான் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை உப்பைக் கழுவும். ஆகவே ஜனவரிக்குள் கோப்பு உள்ளே போயிருக்க வேண்டும். தவறினால் ஓர் ஆண்டு போகும். நிதி தந்தவரிடம் இதை ஒப்பந்தத்திலேயே சொல்லிவையுங்கள்.

வாய்க்கால்கள் தூர்ந்துபோவது இயல்பு. தூர்வாரும் வேலையை, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எவ்வளவு மண் என்ற விவரத்தோடு முதல் விண்ணப்பத்திலேயே சேருங்கள். சேர்க்காவிட்டால், மரங்கள் வளர்ந்தபின் அந்த இடமே சி.ஆர்.இசட் விதியில் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள 1-ஏ மண்டலமாகி, நீங்கள் வெட்டிய வாய்க்காலைத் தூர்வாரவே புதிதாக அனுமதி கேட்டு நிற்க வேண்டிவரும்.