பரதநாட்டிய வகுப்பில் எல்லாக் குழந்தைக்கும் இடம்

பரதநாட்டியம் சொல்லித் தருகிறீர்களா? காது கேளாத குழந்தையோ ஆட்டிசம் உள்ள குழந்தையோ சேர வந்தால் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாளத்தைக் காதால் மட்டும்தான் வாங்க முடியும் என்றில்லை. மரத்தளத்தில் நின்றால் காலால் தரையைத் தட்டும் ஆட்ட அசைவான தட்டடவின் அதிர்வு உள்ளங்காலிலேயே தெரியும். செவித்திறன் இழந்த ஸ்காட்லாந்து தாளக் கலைஞர் எவலின் கிளெனி வெறுங்காலோடு வாசிப்பது இதற்காகத்தான். சிமெண்ட் தரையில் அதிர்வு அவ்வளவாக வராது. பெரிய பலகை ஒன்றைப் போட்டு, அதன் மேலேயே, தாளம் போடும் கோலான தட்டுக்கழியைத் தட்டுங்கள். தாளச் சொற்களான சொல்கட்டைச் சொல்லும்போது அந்தக் குழந்தையைப் பார்த்தே சொல்லுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டாம், உதட்டசைவு தெரியாது.

ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்கோ இதே தட்டுக்கழிச் சத்தம் தாங்காது. கழியில் துணியைச் சுற்றுங்கள், இல்லையென்றால் கையால் தாளம் போடுங்கள். எல்லாரும் ஒன்றாகச் சலங்கை கட்டி ஆடும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நமஸ்காரம், தட்டடவு, நாட்டடவு, ஓய்வு என்று அன்றைய வரிசையைப் படமாகச் சுவரில் ஒட்டினால், அடுத்து என்னவோ என்ற பதற்றம் குறையும். ஒரு மூலையில் பாய் விரித்து, வேண்டும்போது போய் உட்கார விடுங்கள். அதைத் தண்டனை இடமாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.

சக்கர நாற்காலியில் வரும் குழந்தையை, முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டி வராதே என்று திருப்பி அனுப்பாதீர்கள். 28 ஒற்றைக்கை முத்திரைகள், கண், கழுத்து அசைவுகள், அபிநயம் என்று கற்க எவ்வளவோ இருக்கிறது. அடவின் தாளத்தைத் தொடையில் தட்டச் சொல்லலாம். அப்புறம், கையைப் பிடித்துத் திருத்துவதற்கு முன் எந்தக் குழந்தையிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.