எடை, இடுப்பு, பி.பி.: சுகர் வரும் வாய்ப்பை வீட்டிலேயே கணிப்பது எப்படி?

கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு நம்மிடையே மிக அதிகம். இவர்கள் எடை மெஷினில் ஏறினால் அளவான எடையாகத்தான் காட்டும். அதனால் எடையோடு இன்ச் டேப்பும் பி.பி. மெஷினும் வேண்டும்.

முதலில் எடை. 165 செ.மீ. உயரம், 70 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 70-ஐ 1.65-ஆல் வகுத்து, வந்ததை மறுபடியும் 1.65-ஆல் வகுத்தால் 25.7. இதுதான் பி.எம்.ஐ. இந்தியர்களுக்கு 23-இலேயே அதிக எடை தொடங்குகிறது. 25 வந்தால் உடல்பருமன். மேல்நாட்டு அட்டவணையில் 30 என்று போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம்.

அடுத்தது இடுப்பு. பேன்ட் சைஸ் இதற்கு உதவாது, பெல்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிவிடும். பாவாடை நாடா அழுந்தும் இடமும் சரியான இடமல்ல. விலாவில் கடைசி எலும்பைத் தொடுங்கள், பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொடுங்கள். இரண்டுக்கும் நடுவில், வெறும் தோலின்மேல் டேப்பைச் சுற்றுங்கள். முதுகுப்பக்கம் டேப் கீழே சரிந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சை விட்டு முடித்ததும் அளவெடுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, கொழுப்பு அமிலங்களை நேராகக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. அங்கே இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது, கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. இரத்தத்தில் மிஞ்சும் இன்சுலின் சிறுநீரகத்தில் உப்பைத் தங்கவைக்கிறது, பி.பி. ஏறுகிறது. பி.பி. கூடினால் சுகரையும் பார்க்கச் சொல்வது இதனால்தான். 2021-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு ஒன்றில், பி.பி.யின் மேல் அளவு 5 புள்ளி குறைந்தால் புதிதாகச் சுகர் வரும் வாய்ப்பு 11 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது.

பி.பி. பார்ப்பதில்தான் தவறு அதிகம். காபி, டீ, புகை, நடை முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். சட்டைக் கைக்கு மேல் பட்டையைச் சுற்றாதீர்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். மேற்கைச் சுற்றளவு 32 செ.மீ.க்கு மேல் என்றால் பெரிய பட்டை வாங்குங்கள். காலையும் மாலையும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, 7 நாள் குறியுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

இனி மதிப்பெண். சென்னையில் உருவான இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் முறை எளிது. வயது 35 முதல் 49 வரை 20, ஐம்பதைத் தொட்டால் 30. இடுப்பு ஆணுக்கு 90–99, பெண்ணுக்கு 80–89 செ.மீ. என்றால் 10, அதற்கு மேல் 20. உடற்பயிற்சியும் இல்லை, உட்கார்ந்த வேலை என்றால் 30. உடற்பயிற்சி, உடலுழைப்பு இரண்டில் ஒன்று இருந்தால் 20. பெற்றோரில் ஒருவருக்குச் சுகர் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 60-ஐத் தொட்டால் ஆபத்து அதிகம்.

42 வயது ஆண், இடுப்பு 96, உட்கார்ந்த வேலை, அம்மாவுக்குச் சுகர்: 70 வருகிறது. தினமும் நடந்தால் 60, இடுப்பு 90-க்குக் கீழே இறங்கினால் 50. இந்தக் கணக்கில் பி.பி. இல்லை, ஆகவே பி.பி. உள்ளவர்கள் மதிப்பெண் குறைவு என்று இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. வெறும் வயிற்றில் சுகர் 100–125, அல்லது மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 5.7–6.4 சதவீதம் என்றால் சுகருக்கு முந்தைய நிலை. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் எச்.பி.ஏ.1.சி. கூடுதலாகக் காட்டக்கூடும், அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

குறைக்க வேண்டிய எடை பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. 70 கிலோ உள்ளவருக்கு 5 முதல் 7 சதவீதம், அதாவது மூன்றரை முதல் ஐந்து கிலோ. வாரம் 150 நிமிட வேக நடை, சோற்றில் ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் பொரியல், சுண்டல். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

சில பி.பி. மாத்திரைகள் சுகரைக் கொஞ்சம் ஏற்றும். அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். எடை, இடுப்பு, ஏழு நாள் பி.பி. எழுதிய தாளோடு போய் மாற்று மாத்திரை உண்டா என்று கேளுங்கள்.