மேற்பார்வைச் சந்திப்பை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேச்சு மொழி சிகிச்சை பயிலும் மாணவர், சிகிச்சை அமர்வு முடிந்ததும் மேற்பார்வையாளருடன் உட்கார்ந்து பேசுகிறார். அந்தப் பேச்சு பயன்பட்டதா என்று அறிய, பருவ முடிவில் ஒரு படிவத்தை நீட்டி மாணவரிடம் மதிப்பெண் கேட்பதுதான் வழக்கம். முதல் தவறு அதுவே. மதிப்பெண் போடுபவரின் தேர்ச்சி, மதிப்பெண் பெறுபவரின் கையில் இருக்கிறது. ஐந்துக்கு ஐந்து வராமல் வேறென்ன வரும்? பெயர் எழுத வேண்டாம் என்பதும் வீண். மூன்று பேர் உள்ள குழுவில் கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது நினைவை நம்புவது. "மாணவரைத்தான் பேசவிட்டேன்" என்று சாதிக்கும் மேற்பார்வையாளர், ஒலிப்பதிவைக் கேட்டதும் மௌனமாகிவிடுவார். 1970களில் குலாட்டா, செல்ட்சர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இத்தகைய சந்திப்புகளின் பேச்சை வகைபிரித்து எண்ணினார்கள். அதிகம் பேசியவர்கள் மேற்பார்வையாளர்களே. நடந்ததை மாணவர் ஒப்பித்தார். இனிச் செய்ய வேண்டியதை மேற்பார்வையாளர் சொன்னார். எனவே இருவரின் சம்மதத்துடன் பத்து நிமிடமாவது பதிவுசெய்து எண்ணிப் பாருங்கள். கேள்விகளின் எண்ணிக்கையோடு தரத்தையும் பார்க்க வேண்டும். "குழந்தை சோர்ந்துபோனதைக் கவனித்தீர்கள் அல்லவா?" என்பது கேள்வி வேடமிட்ட தீர்ப்பு. "குழந்தையின் பத்தாவது முயற்சியில் ஏன் உதவிக்குறிப்புக் கொடுப்பதை நிறுத்தினீர்கள்?" என்றால்தான் மாணவரின் சிந்தனை வெளியே வரும்.

எண்ணத் தொடங்கியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு: மாணவர் எவ்வளவு பேசுகிறாரோ அவ்வளவு நல்லது என்ற ஒற்றை அளவுகோல். இத்துறையின் மேற்பார்வை பற்றி எழுதிய ஜீன் ஆண்டர்சன் 1988இல் விவரித்த மாதிரியில், மேற்பார்வை மூன்று கட்டங்களாக நகர்கிறது. தொடக்கத்தில் மேற்பார்வையாளர் நேரடியாக வழிகாட்டுகிறார். நடுவில் பொறுப்பு பகிரப்படுகிறது. கடைசியில் மாணவர் தன்னைத் தானே மேற்பார்வையிடுகிறார். விழுங்கும் சிரமம் உள்ளவரை முதன்முறை பார்க்கும் மாணவரிடம் "நீங்களே யோசியுங்கள்" என்பது பெருந்தன்மை அல்ல, ஆபத்து. அதே மாணவர் பயிற்சி முடியும் தறுவாயிலும் கட்டளைக்குக் காத்திருந்தால், அங்கேதான் கவலைப்பட வேண்டும்.

மாணவருக்கு மதிப்பெண் அறிவிக்கும் அமர்விலேயே சந்திப்பைப் பற்றியும் அவரிடம் கருத்துக் கேட்காதீர்கள்.

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய விடுபடல், அடுத்த சிகிச்சை அமர்வைப் பார்க்காமலே சந்திப்பை மதிப்பிடுவது. 'ர' சொல்லிப் பழகும் குழந்தைக்கு, தானே சொல்லிக்காட்டுவதைக் குறைத்து, குழந்தை தன்னைத் திருத்திக்கொள்ளச் சற்றுக் காத்திருப்பதாக மாணவர் ஒப்புக்கொண்டாரா? அடுத்த வாரப் பதிவில் அந்தக் காத்திருப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் மாணவரைக் கடிந்துகொள்ளும் முன், போன சந்திப்பில் எத்தனை யோசனைகளை அடுக்கினோம் என்று எண்ணிவிடுங்கள்.