விற்றமின் சி கலத்தைக் காப்பாற்றியதா? ஊதா நிறத்தை நம்பாதீர்கள்

பற்றீரியா தொற்றிய கலங்களுக்கு விற்றமின் சி கொடுத்தால் இறப்பு குறைகிறதா என்று எம்.ரி.ரி சோதனை வைத்தேன். உயிருள்ள கலம் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும், ஊதா கூடினால் உயிரோடிருக்கும் கலம் கூட என்பது கணக்கு. சி கூடக்கூட ஊதாவும் கூடியது. சந்தோசத்தில் மேற்பார்வையாளருக்குப் படமும் அனுப்பியாயிற்று. பின்னேரம் தட்டைக் கழுவப் போகும்போதுதான் கவனித்தேன், கலமே போடாத ஓரக் குழியிலும் அதே ஊதா. அஸ்கோர்பிக் அமிலம், அதாவது விற்றமின் சி, ஒரு தாழ்த்தி, மற்றதற்கு இலத்திரன் கொடுக்கும் பொருள். எம்.ரி.ரி சாயத்தை மாற்ற அதற்குக் கலம் தேவையில்லை. அந்தப் படத்தை எப்படித் திரும்ப வாங்கினேன் என்பது வேறு கதை.

கல வளர்ப்பும் தட்டில் பற்றீரியா எண்ணுவதும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. சி கரைசல்

அமிலமாக வாங்காதீர்கள், சோடியம் அஸ்கோர்பேற்று வாங்குங்கள். அமிலத்தை மில்லிமோலர் அளவில் விட்டால் ஊடகம் (கலம் வளரும் திரவம்) புளித்து மஞ்சளாகும். பிறகு கலம் செத்தது சியாலா புளிப்பாலா என்று பிரிக்க முடியாது. 198 மில்லிகிராமை 10 மில்லிலீற்றரில் கரைத்தால் 100 மில்லிமோலர். 0.22 மைக்ரோன் வடிகட்டி, அலுமினியத் தாள், அன்றே பாவித்து அன்றே ஊற்றிவிடுங்கள். நம்மூர் வெக்கையில் மேசையில் கிடந்து மஞ்சள் தட்டியதைப் பாவிக்கவே வேண்டாம். தண்ணீரும் முக்கியம். கேத்தல் அடியில் வெள்ளை படியும் ஊர் இது. இரும்பும் செம்பும் துளி கலந்தாலே சி வேகமாக ஒட்சியேறும், அதனால் கல வளர்ப்புக்கென்று விற்கும் நீரையே வாங்குகிறேன்.

2. தொற்று

முதல் நாளே பெனிசிலின், ஸ்ரெப்டோமைசின் இல்லாத ஊடகத்துக்குக் கலங்களை மாற்றுங்கள். 24 குழித் தட்டில் குழிக்கு 2 இலட்சம் மக்ரோபேஜ் (பற்றீரியாவை விழுங்கும் வெண்கலம்). ஒரு கலத்துக்குப் பத்துப் பற்றீரியா என்றால் குழிக்கு 20 இலட்சம் பற்றீரியா. ஒரு மணி நேரம் கழித்துக் கழுவி, ஜென்டமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராம், இன்னொரு மணி நேரம். அது கலத்துக்குள் எளிதில் புகாது என்பதால் வெளியே நிற்பவை சாகும், உள்ளே போனவை தப்பும். பிறகு 20 மைக்ரோகிராமுக்கு இறக்குங்கள்.

சியை இதற்குப் பிறகு விடுங்கள். பற்றீரியாவோடு சேர்த்து விட்டால், கலம் பிழைத்தது சி அதைக் காத்ததாலா, பற்றீரியாவை முடக்கியதாலா என்று தெரியாது. 2013இல் காசநோய்ப் பற்றீரியாவையே விற்றமின் சி கொன்றதாக ஆய்வு வந்திருக்கிறது. அதனால் ஒரு குழியையாவது கலச் சவ்வைக் கரைக்கும் 0.1 வீத ட்ரைற்றனில் உடைத்து, உள்ளே எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

3. அளவு

நலமான ஒருவரின் குருதித் திரவத்தில் சி சுமார் 50 முதல் 80 மைக்ரோமோலர். வழக்கமான டி.எம்.ஈ.எம் ஊடகத்தில் அறவே இல்லை, நம் கலங்களுக்கு ஏற்கெனவே ஸ்கேவி (சி குறைபாட்டு நோய்) என்றே சொல்லலாம். 50, 100, 500, 1000 மைக்ரோமோலர் வைத்துப் பாருங்கள்.

மேல் அளவுகளில்தான் பொறி. ஊடகத்தில் சி தானாக ஒட்சியேறும்போது ஐதரசன் பேரொட்சைட்டு உருவாகிறது. கலத்தைக் கொல்வது பல வேளைகளில் அதுதான். எனவே ஒவ்வொரு நிலைக்கும் கற்றலேசு (பேரொட்சைட்டை உடைக்கும் நொதியம்) சேர்த்த சோடி ஒன்று வையுங்கள், மில்லிலீற்றருக்குச் சில நூறு அலகு போதும். கற்றலேசு விட்டதும் இறப்பு நின்றால் குற்றவாளி பேரொட்சைட்டு. தட்டில் இடமில்லையென்றால் அளவு ஒன்றைக் குறையுங்கள், இந்தச் சோடியைக் குறைக்காதீர்கள். நிலைகள் ஐந்து: தொற்றில்லாத கலம், தொற்றில்லாமல் சி, தொற்று மட்டும், தொற்றும் சியும், கலமே இல்லாத சி. இந்த ஐந்தாவதைத்தான் நான் அந்த முறை பார்க்காமல் விட்டேன்.

4. இறப்பை அளத்தல்

என் முதல் தேர்வு ட்ரைபன் நீலம். மலிவு, சியோடு சண்டை பிடிக்காது, செத்தது நீலமாகும். மிதக்கும் கலங்களையும் சேர்த்து எண்ணுங்கள். ஊடகத்தை உறிஞ்சி ஊற்றிவிட்டு ஒட்டியிருப்பதை மட்டும் எண்ணினால் செத்ததில் பாதி தொட்டிக்குள் போய்விடும். வசதியிருந்தால் அனெக்சின் (சாகத் தொடங்கிய கலத்தின் மேல் ஒட்டுவது), புரொப்பிடியம் அயடைட்டு (சவ்வு கிழிந்த கலத்துக்குள் மட்டும் போகும் சாயம்) இரண்டும் போட்டு, கலங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஃப்ளோ கருவியில் பாருங்கள். அனெக்சின் மட்டும் ஒட்டியது அப்பொப்ரோசிஸின், அதாவது கலம் தானே திட்டமிட்டுச் சாவதன், ஆரம்பம். இரண்டும் ஏறியிருந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, எந்த வழியில் செத்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

பிற்சேர்க்கை: எம்.ரி.ரி வேண்டாமென்றால் எல்.டீ.எச் (செத்த கலத்திலிருந்து கசியும் நொதியம்) பார்க்கலாமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். நானும் அப்படித்தான் தாவினேன். பெட்டியோடு வந்த தாளை வாசித்தால், அதிலும் நிறம் தருவது எம்.ரி.ரியின் இனத்தைச் சேர்ந்த ரெற்றசோலியம் உப்புத்தான். கலமில்லாக் குழியின் அளவைக் கழிக்காமல் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

இன்னொன்று: மாத்திரைக்குப் பதில் வீட்டு நெல்லிச்சாறு விடலாமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அதிலுள்ள துவர்ப்புப் பொருள்களும் ஊடகத்தில் பேரொட்சைட்டு உண்டாக்கும். மாத்திரையும் வேண்டாம், அதில் மாவும் நிறமும் இருக்கிறது. நெல்லியை ஊறுகாய் போடுங்கள்.