கூப்பிட்டதும் வராத கடவுள்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் சனிக்கிழமை இரவுகளில் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி, கதை சொல்லி ஆடும் விளையாட்டு. கதையை நடத்துவது நான். தொடக்கத்தில் பன்னிரண்டு கடவுள்களை உருவாக்கி, போர், மழை, மரணம் என்று ஆளுக்கொரு துறை கொடுத்தேன். மந்திரிசபை மாதிரி. ஒருவருக்கும் பெயர்கூட நினைவில்லை. பூசாரியாக விளையாடும் நண்பன் மட்டும் சிக்கல் வரும்போதெல்லாம், "மச்சான், கடவுளைக் கூப்பிடட்டா?" என்பான்.

விளையாட்டின் 2014 விதிநூல்படி, 10ஆம் நிலைக்கு உயர்ந்த பூசாரி அப்படிக் கூப்பிடலாம். ஒன்று முதல் நூறு வரை எண் விழும்படி பகடை உருட்டி, விழும் எண் தன் நிலை எண்ணுக்கு மேற்படாவிட்டால் தெய்வம் இரங்கும். பிறகு ஏழு நாள் கேட்க முடியாது. கணக்கு சரிதான். ஆனால் லொத்தர் சீட்டுச் சுரண்டுவது போல் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியில் நெரிசலில் மாட்டிக்கொண்டேன். சைவர்களும் பௌத்தர்களும்கூட மெழுகுதிரியோடு நின்றார்கள். அவர்கள் துறை பார்த்து வரவில்லை. நாள், இடம், நேர்த்தி, அவ்வளவுதான்.

அன்றிரவே ஒன்பது கடவுள்களை வெட்டினேன். மிச்ச மூன்றுக்கும் எல்லை வைத்தேன். துறைமுகத்து அம்மனின் சக்தி உப்புக்காற்று எட்டும் தூரம்வரைதான். நேர்த்தி வைத்தால் அவள் இரங்கும் வாய்ப்பு நூற்றுக்கு 10இலிருந்து 30 ஆகும். தவணை தவறினால் அவள் விடமாட்டாள்.

போன மாதம் கப்பலைக் காப்பாற்றப் பூசாரி தன் குரலையே நேர்ந்துவிட்டான். வாய்விட்டு ஓதும் மந்திரம் எதுவும் இப்போது அவனுக்குப் பலிக்காது. மூன்று வாரமாகச் சைகையிலேயே விளையாடுகிறான்.