பழைய மாருதி 800-க்குச் சென்னையில் செய்ய வேண்டியவை

1983 டிசம்பரில் அறிமுகமாகி 2014-இல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800-ஐ இன்னும் வைத்திருப்பவர்கள், சென்னையில் முதலில் அஞ்ச வேண்டியது துருவுக்கே. உப்புக்காற்றும் வடகிழக்குப் பருவமழையில் தேங்கும் நீரும் சேர்ந்து தரைத்தகட்டையும் கதவுகளின் அடிவிளிம்பையும் உள்ளிருந்தே அரித்துவிடுவதால், செப்டம்பருக்குள் தரைவிரிப்பை நீக்கி, திருப்புளியின் கைப்பிடியால் தகட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும்; மந்தமான ஓசை எழும் இடத்தைச் சுரண்டி, ஓட்டை இருந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றிய பின் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, துருத்தடுப்பு பிரைமர் பூச வேண்டும். பட்டி பூசி மறைப்பது வண்டியை விற்க நினைப்பவரின் வேலை. கதவடியில் அடைபட்ட வடிகால் துளைகளுக்கு ஓர் ஈர்க்குச்சி போதும்.

796 சிசி எஞ்சின் எளிமையானது. ஆயினும் எஞ்சின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்கும் பட்டையான டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால், உடனே மாற்றிவிடுவதே நல்லது. கோடை நெரிசலில் வெப்பமுள் ஏறினால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எஞ்சினின் மேல்மூடியான அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடக்கூடும்.

கதவு, விளக்கு போன்றவற்றைப் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழையதாக வாங்கலாம். பிரேக் பாகங்களைப் புதிதாகவே வாங்க வேண்டும். வேறு எஞ்சின் பொருத்த விரும்புவோர், வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் கருதி, முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும்.